சிறுசெலவில் வலையமைப்பை அளத்தல்

பொருளை அளத்தற்குக் கருவி வேண்டும். கருவியை அளத்தற்கு அறிவு வேண்டும். நிறைகோல் சிறிதாயினும் நேரிதாயிருப்பின் அதனை நம்பி வாணிகம் நடக்கும். பெரிதாயிருந்தும் கோடியதாயின் வாங்குவோன், விற்போன் இருவர்க்கும் கேடாம். நன்னூலார் நல்லாசிரியனுக்கு எடுத்த உவமைகளுள் நிறைகோலும் ஒன்று. சந்தேகத்தைப் போக்குதலும் எப்பக்கமுஞ் சாராமையும் இரண்டிற்கும் பொதுக்குணங்களாம். அக்குணங்களை இக்கட்டுரையில் ஒரு புதிய நிறைகோலிடத்துத் தேடப் புகுகின்றோம். அது கணினி வலையமைப்பின் ஓட்டத்தை அளக்குங் கருவி.

இற்றைநாட் கல்லூரிகளில் நூல்நிலையமும் விஞ்ஞானகூடமும் போலக் கணினிக்கூடமும் இன்றியமையாத அங்கமாயிற்று. அதற்கு வேண்டும் இணைய இணைப்பிற்குப் பழைய மாணவர் பலர் கடல் கடந்திருந்தும் பொருளுதவி வருகின்றனர். இணைப்பு மந்தமாகுங்காலத்து இருவகைப் பேச்சு எழும். “இணைப்புப் போதாது, பெரிதாக்குக” என்பர் ஒருசாரார். “மாணவர் படம் பார்ப்பதே காரணம்” என்பர் மற்றொருசாரார். முதற் கூற்று அன்பர் உதவிய பணத்தைச் செலவிடச் செய்யும். இரண்டாங் கூற்று ஒரு பிள்ளையின் நற்பெயரைக் கெடுக்கும். அளவாது சொல்லப்படும்வரை இரண்டும் ஊகமேயன்றி உண்மையல்ல. உண்மைக் காரணம் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளுங் கணினிகளாகவோ, எலி கடித்த கம்பியாகவோ இருத்தலுங் கூடும்.

தமிழ் கற்பிப்போன் இவ்விடயத்தை எழுதுதல் சிலர்க்கு வியப்பாகலாம். சொல்லின் பொருளறிந்து ஆளக் கற்பித்தல் தமிழாசிரியன் தொழில். இத்துறையிற் பணம் வீணாவது பெரும்பாலும் சொற்பொருள் அறியாமையாலேயாம் என்பதைப் பின்வருவன காட்டும்.

பொதியும் ஆளியும்

ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லுஞ் செய்தி ஒரே தொடராகச் செல்வதன்று. ஒரு பெருநூலை ஏடு ஏடாகப் பிரித்து, ஒவ்வோர் ஏட்டின் தலையிலும் விடுப்போர், பெறுவோர் முகவரிகளை எழுதி அனுப்பினாற்போல, அது சிறுசிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டுச் செல்லும். நாம் வழங்கும் ஈதர்நெற் கம்பியில் ஒரு பொதியின் உள்ளீடு வழக்கமாக 1500 பைற்றுக்கு மேற்படுவதில்லை.

கம்பிகள் பல வந்து கூடுமிடத்தில் முன்னாளில் இருந்தது ‘ஹப்’ எனப்படுங் குவியன். அது பறையறைவோனை ஒத்தது. ஒருவர்க்கு வந்த பொதியை எல்லார்க்கும் முழங்கும். ஆதலால் எத்துறையிற் கணினியைச் செருகினாலும் யாவர் பொதியையுங் கேட்கலாம். இப்போது அவ்விடத்தில் இருப்பது ‘சுவிச்சு’ எனப்படும் ஆளி. அது தபாற்சேவகனை ஒத்தது. முகவரியைப் பார்த்து உரியவர்க்கே பொதியைச் சேர்ப்பிக்கும். ஆகவே சாதாரண ஆளியொன்றில் அளக்குங் கணினியைச் செருகுவோன் தனக்கு வருவனவற்றையும், எல்லார்க்கும் பொதுவாக அனுப்பப்படுஞ் சிலவற்றையுமே காண்பான். “கணினி நன்று, மென்பொருளும் நன்று, ஆயினும் ஒன்றுங் காணவில்லை” என்று மயங்குவோர் பலர். மயக்கத்தின் காரணம் இதுவேயாம்.

அங்ஙனமாயிற் பழைய குவியனையே தேடி வாங்கலாமே எனின், அது தகாது. குவியன்கள் செக்கனுக்கு 10 அல்லது 100 மெகாபிற்று வேகத்தன. ஒருவர் பேசும்போது மற்றையோர் வாளாவிருத்தல் வேண்டும் என்பது அவற்றின் நியதி. அளத்தற்பொருட்டு அதனை இடையில் வைப்பின் அளக்கப்படும் பொருளே மாறிவிடும். இன்று கடைகளில் ‘ஹப்’ என்னும் பெயரால் விற்கப்படுவனவோ பெரும்பாலும் வேறு கருவிகள்.

முதல் வினா: எவ்வளவு?

கருவி வாங்குமுன் வினாவைத் தெளிதல் வேண்டும். வினாக்கள் மூன்று: எவ்வளவு ஓடுகின்றது, எவருடையது ஓடுகின்றது, ஓட்டத்தில் நேர்ந்த பழுது யாது என்பன. ஒன்றினும் அடுத்தது செலவு மிக்கது.

எவ்வளவு என்னும் வினாவிற்குப் புதுக்கருவி வேண்டாதிருத்தலும் உண்டு. 1994 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே லெஸ்ரர் நகரத்து டி மொன்போட் பல்கலைக்கழகத்திற் பணிசெய்த தொபியாஸ் ஓற்றிக்கர் என்பார்க்கு இச்சிக்கல் நேர்ந்தது. அங்கே வெளியுலகத்திற்கு இருந்த வழி செக்கனுக்கு 64 கிலோபிற்றுச் செல்லும் ஒரே இணைப்பு. அதன் நிலையை அறிய யாவரும் விரும்பினர். வழிப்படுத்தி தன்னுள்ளே எண்ணிவைத்திருக்குந் தொகையை இடையிடையே கேட்டு வாங்கி வரைபடமாக்கும் நிரலொன்றை அவர் எழுதினார். அது 1995 இல் எம்.ஆர்.ரி.ஜி. என்னும் பெயருடன் வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. அவர் செய்தது முன்பே இருந்த எண்ணை வாசித்ததேயாம்.

‘ரவுட்டர்’ எனப்படும் வழிப்படுத்திகளிற் பல இவ்வாறு எண்ணி வைத்திருக்கின்றன. ஆதலின் பழைய மாணவர்க்கு விண்ணப்பம் எழுதுமுன், கல்லூரியில் உள்ள வழிப்படுத்தி எஸ்.என்.எம்.பி. என்னும் வினாவிடை முறைக்கு விடை தருமோ என்று பார்க்க.

ஈண்டு ஒரு கணக்கு மாணவர்க்குப் பயன்படும். பழைய எண்ணிகள் 32 பிற்று நீளமுடையன. அவை 4,294,967,295 வரை எண்ணி மீண்டும் பூச்சியத்தினின்று தொடங்கும். செக்கனுக்கு 100 மெகாபிற்று இடையறாது ஓடின் இச்சுற்று ஏறக்குறைய 344 செக்கனில் முடியும். 1000 மெகாபிற்றாயின் 34 செக்கனில் முடியும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வாசிப்போன் இடையில் எண்ணி எட்டுமுறை சுற்றியதை அறியாது, பெருவெள்ளத்தைச் சிற்றோடை என்று பதிவு செய்வான். 64 பிற்று எண்ணியை வாசித்தலே இதற்கு மருந்து.

இரண்டாம் வினா: எவருடையது?

தொலைபேசிக் கட்டணச் சீட்டில் யார் யாரை எப்போது எவ்வளவு நேரம் அழைத்தார் என்பது காணப்படும். பேசியது யாதென்பது காணப்படாது. இம்முறையைச் சிஸ்கோ நிறுவனம் 1996 இல் நெற்புளோ என்னும் பெயரால் வலையமைப்பிற்குக் கொணர்ந்தது. லற்வியா நாட்டு மைக்ரோரிக் நிறுவனத்தின் சிறு வழிப்படுத்திகளும் இவ்வாறு பதிவெழுதி அனுப்ப வல்லன. கல்லூரியில் உள்ளது அத்தகையதாயின் வேறொன்றும் வாங்கவேண்டா.

இல்லையெனின், சிறுசெலவில் வாங்கத்தக்கது துறைப் பிரதிபலிப்புச் செய்யும் ஆளியாம். குறித்த ஒரு துறையிற் செல்லும் பொதிகள் அனைத்திற்கும் படியெடுத்து இன்னொரு துறைக்கு அனுப்புதலே பிரதிபலிப்பு. விலையுயர்ந்த ஆளிகளுக்கே உரியதாயிருந்த இவ்வாற்றல் இப்போது ஐந்து துறை, எட்டுத் துறையுடைய சிற்றாளிகளிலும் உண்டு. இங்கேதான் சொற்பொருள் அறிதல் வேண்டும். ரீ.பி.லிங்க் நிறுவனத்தின் ‘எஸ்.ஜி. 105’ என்பதும் ‘எஸ்.ஜி. 105 ஈ’ என்பதும் பெயரால் ஓரெழுத்தே வேறுபடுவன. முன்னையது பிரதிபலிக்கமாட்டாது, பின்னையது பிரதிபலிக்கும். நெற்கியர் நிறுவனத்தின் ‘ஜி.எஸ். 305’, ‘ஜி.எஸ். 305 ஈ’ என்பவற்றின் வேறுபாடும் அத்தகையதே. ஓரெழுத்துக் குறைந்தமையாற் பொருளிழந்த சொல்லை இலக்கண வகுப்பிற் காட்டுகின்றோம். பணமிழந்த வாணிகத்தை ஈண்டுக் காண்க.

இவ்வாளி வாங்குவோர் மூன்றனைக் கருதுக.

முதலாவது வேகம். கம்பியிற் போவதும் வருவதுமாக இரு திசை உண்டு. பிரதிபலிக்குந் துறையிலோ வெளிச்செல்லுந் திசை ஒன்றே. 100 மெகாபிற்று இணைப்பு இரு திசையும் நிறைந்து ஓடின் படியின் தொகை 200. அதனை 100 மெகாபிற்று ஆளி தாங்காது. மிகுதியைச் சொல்லாமலே கைவிடும். ஆதலால் இணைப்பு 100 மெகாபிற்றேயாயினும் ஆளி 1000 மெகாபிற்றுடையதாதல் வேண்டும்.

இரண்டாவது இடம். வழிப்படுத்தி உள்ளிருப்போர் அனைவரின் முகவரிகளையும் மறைத்து, தன் முகவரி ஒன்றையே வெளியிற் காட்டுவது வழக்கம். ஆளியை அதற்கு வெளியே வைப்பின் கல்லூரி முழுவதும் ஒரே ஆளாகத் தோன்றும். உட்புறத்தில் வைத்தலே முறை.

மூன்றாவது வைஃபை. வழிப்படுத்தியே வைஃபையையும் வீசுமாயின், கைத்தொலைபேசிகளின் பொதிகள் ஆளியைத் தீண்டாமலே சென்றுவிடும். எண்ணப்பட்டோர் கணினிக்கூடத்துப் பிள்ளைகள் மாத்திரமேயாவர், பழியும் அவர்மேலதாகும். வழிப்படுத்தியின் வைஃபையை நிறுத்தி, தனியே ஒரு வைஃபைக் கருவியை ஆளியிற் பொருத்தின் இக்குறை நீங்கும். அக்கருவியும் முகவரியை மறையாத முறையில் அமைக்கப்படல் வேண்டும்.

மூன்றாம் வினா: பழுது யாது?

சில பழுதுகளைக் காணப் பொதியையே கண்முன் கொணர்தல் வேண்டும். அதற்குக் கம்பியிலே நேரே செவிவைக்குங் கருவி ‘ரப்’ எனப்படும். கிறேற் ஸ்கொற் காட்ஜெற்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் ‘துறோயிங் ஸ்ரார் லான் ரப்’ என்னுஞ் சிறு பலகை இவ்வகைக் கருவிகளுள் மலிவானது. அதற்கு மின்சாரம் வேண்டா. நான்கு துறைகளுள் இரண்டு கம்பியைத் தொடுப்பன, ஏனையிரண்டும் செவிகொடுப்பன. இவை கேட்குமன்றிப் பேசமாட்டா. கேட்குங் கணினியின் அனுப்புங்கம்பி அங்கே இணைக்கப்படவேயில்லை. ஒவ்வொரு செவித்துறையும் ஒவ்வொரு திசையையே கேட்குமாதலின், இரு திசையையும் ஒருங்கு கேட்கக் கணினிக்கு இரு துறைகள் வேண்டும்.

இதன் எல்லையையும் உணர்க. 100 மெகாபிற்று ஈதர்நெற் கம்பியின் நான்கு இணைகளுள் இரண்டையே வழங்கும். ஒன்று போதற்கும் மற்றது வருதற்கும் உரியன. ஆதலின் ஒதுங்கிநின்று கேட்டல் எளிது. 1000 மெகாபிற்று ஈதர்நெற்றோ நான்கு இணைகளிலும் இரு திசையும் ஒரே காலத்திற் பேசும். இரு குரலுங் கலந்த கம்பியில் வெறுஞ் செவியாற் பிரித்தறிதல் இயலாது. ஆகவே இப்பலகை இரு சிறு மின்கொள்ளளவிகளால் இணைப்பை 100 மெகாபிற்றுக்கு இறக்கிவிடும். கல்லூரியின் இணைப்பு அதனினும் விரைவுடையதாயின் இதனைப் பொருத்துவோன் அளக்கவந்து ஆற்றைத் தடுத்தவனாவான்.

ஊடே நிற்றலும் ஒதுங்கி நிற்றலும்

இரு துறையுடைய கணினி ஒன்றை வழியின் நடுவே நிறுத்தி, பொதிகள் யாவும் அதனூடே செல்லச் செய்தலும் ஒரு முறை. செலவு மிகக் குறைவு, ஒன்றுந் தப்பாது. ஆயின் அக்கணினி படுத்தாற் கல்லூரி முழுவதும் இணைப்பிழக்கும். 2022 ஆம் ஆண்டில் நாளொன்றிற் பதின்மூன்று மணிநேரம் வரை மின்தடை கண்ட நாட்டினர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. மின்சாரம் மீண்டபின் தானே எழாத கருவியை வழியின் நடுவே வைத்தல் அறிவுடைமையன்று.

ஒதுங்கி நிற்றலின் சிறப்பிற்கு வரலாற்றிற் சான்றுண்டு. 1986 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லோறன்ஸ் பேர்க்கிளி ஆய்வுகூடத்திற் கணினிக் கணக்கு 75 சதம் பிழைத்தது. அதனை ஆராயப் பணிக்கப்பட்டவர் கிளிபோட் ஸ்ரோல் என்னும் வானியலாளர். அந்நியனொருவன் உட்புகுகின்றான் என ஐயுற்ற அவர், வாரவிடுமுறையிற் சகாக்களின் அறைகளிலிருந்த அச்சுப்பொறிகளையும் சிறு கணினிகளையும் எடுத்துவந்து, உள்வரும் ஏறக்குறைய 50 தொடுப்புகளிலும் பொருத்தினார். புதிதாக விலைகொடுத்து வாங்கிய பெருங்கருவி எதுவுமில்லை. புகுந்தவன் தட்டிய எழுத்துக்கள் கடுதாசியில் அச்சாயின. அவன் கணினியின் முழு அதிகாரத்தையுங் கைப்பற்றியிருந்தும் தான் நோக்கப்படுதலை அறிந்திலன். ஏனெனில் நோக்குங் கருவி அக்கணினிக்குப் புறத்தே நின்றது. அத்தடம் முடிவில் மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகரம் வரை சென்றது. கருவியின் விலையன்று, அது நின்ற இடமே பயன்விளைத்தது.

ஏற்குங் கணினி

படியாக வரும் பொதிகளை ஏற்கும் கணினிக்குப் புதியது வேண்டுவதில்லை. அலுவலகங்கள் கழித்துவிடும் மேசைக்கணினியொன்று, இன்னொரு வலையமைப்பு அட்டை சேர்க்கப்படின், பெரும்பாலும் போதும். ஒரு துறை கேட்டற்கும் மற்றது நாம் அதனை ஆளுதற்குமாம்.

றாஸ்பெரி பை என்னுஞ் சிறுகணினியை வாங்க விரும்புவோர் அதன் தலைமுறையை நோக்குக. 2016 இல் வந்த 3பி என்பதன் துறை 100 மெகாபிற்றே. 2018 இல் வந்த 3பி பிளஸ் 1000 மெகாபிற்றுத் துறையுடையதாயினும், உள்ளே பழைய யூ.எஸ்.பி. வழியைச் சார்ந்தமையால் ஏறக்குறைய 300 க்கு மேற்செல்லாது. 2019 இல் வந்த 4 ஆம் வகையே முழு 1000 மெகாபிற்றையுந் தாங்குந் துறையுடையது.

வேகத்தை மெகாபிற்றால் மாத்திரம் அளத்தல் போதாது. பொதிகளின் எண்ணிக்கையும் வேண்டும். 1000 மெகாபிற்றுக் கம்பி பெரும்பொதிகளால் நிறைந்திருப்பின் செக்கனுக்கு 81,274 பொதிகள் செல்லும். மிகச்சிறு பொதிகளால் நிறைந்திருப்பின் 1,488,095 செல்லும். முன்னதை எளிதில் எண்ணுஞ் சிறுகணினி பின்னதிற் திணறும்.

சேமிப்பின் கணக்கு இன்னும் எளிது. செக்கனுக்கு 100 மெகாபிற்று என்பது 12.5 மெகாபைற்று, மணிக்கு 45 கிகாபைற்று. 64 கிகாபைற்று அட்டை ஒன்றரை மணிநேரத்திற்குள் நிறைந்துவிடும். ஒவ்வொரு பொதியினதும் முதல் 96 பைற்றை மாத்திரம் பதியின், பெரும்பொதிகள் ஓடுங்கால், மணிக்கு 3 கிகாபைற்றுக்குச் சற்று மேலாகவே அமையும். முகவரிகள் அத்தலைப்பகுதியிலேயே இருத்தலின் நம் வினாவிற்கு அது சாலும். இடையறாது எழுதுதலாற் சிற்றட்டைகள் விரைவிற் தேய்ந்தழியுமாதலின் நல்ல வட்டில் எழுதுவிப்பதே முறை. ரீ.சி.பி.டம்ப், வயர்ஷார்க் முதலிய மென்பொருள்களுக்கு விலையில்லை.

நிறைகோலைச் சோதித்தல்

கருவி வந்தபின் அதனை நம்புமுன் சோதித்தல் வேண்டும். 1000 மெகாபைற்று அளவுள்ள ஒரு கோப்பை, கண்காணிக்கப்படுந் துறையூடாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புக. பொதிதோறுந் தலைப்பு இருத்தலாற் பதிவில் நூற்றுக்கு நான்கு ஐந்து வீதம் கூடுதலாகக் காணப்படல் வேண்டும். குறைவாகக் காணப்படின் கருவி பொதிகளை இழக்கின்றது. ரீ.சி.பி.டம்ப் தன் வேலை முடிவில் எத்தனை பொதியைக் கைவிட்டது என்று தானே கூறும். அவ்வரியை வாசியாது விடுவோர் பலர். ஆளி கைவிட்டதை அது அறியாதாதலின் ஆளியின் எண்ணியையும் ஒப்புநோக்குக. பொதிகள் 1500 பைற்றினும் மிகப் பெரியனவாகத் தோன்றின், வலையமைப்பு அட்டை பலவற்றை ஒன்றாகக் கட்டித் தருகின்றதென அறிந்து அவ்வசதியை நிறுத்துக.

விலை குறைந்த கருவி இழக்குமாயின் அதனாற் பெருங்கேடில்லை. இழந்ததைச் சொல்லாது மறைக்குமாயின் அதுவே பொய்ச்சான்று. அச்சான்றைக் கொண்டு ஒரு மாணவனை அதிபர்முன் நிறுத்துதல் தகுமோ என்பதை ஆசிரியர்கள் சிந்திக்க.

அளப்போன் ஒழுக்கம்

இக்கருவி எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதும் அறியற்பாலது. இன்று இணையத்திற் செல்லும் மடல்களிற் பெரும்பாலன மறைக்குறியில் மூடப்பட்டுச் செல்கின்றன. உறையின்மேலுள்ள முகவரியும் பருமனுந் தெரியும். உள்ளிருக்கும் எழுத்துத் தெரியாது. ஒரு முகவரி ஒரு கணினியையே குறிக்கும். அதன்முன் அமர்ந்திருந்தவனைக் குறிக்காது.

தெரிவனவும் பிறருடையனவே. ஆசிரியரொருவர் தம் நோயைப்பற்றி எத்தளத்திற் தேடினார் என்பது முகவரியினின்றே வெளிப்படலாம். தனியாள் தரவுப் பாதுகாப்பைக் குறித்து நம் நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சட்டத்திற்கு முன்னரும் ஒழுக்கம் உண்டு. ஆகவே அளக்கப்படுதலை யாவர்க்கும் எழுத்தில் அறிவித்தல், அதிபரின் இசைவு பெறுதல், வினாவிற்கு வேண்டியதை மாத்திரம் பதிதல், குறித்த நாளின்பின் அழித்தல், பதிவைப் பார்க்க உரியோர் இருவர்க்கு மேற்படாமை ஆகிய ஐந்தும் கருவியோடு கூடவே அமையவேண்டியன. இவை காசு செலவில்லாதன. ஆயினும் முதலில் மறக்கப்படுவன.

முடிவாகத் தொகுத்துரைப்பாம். எவ்வளவு என்று மாத்திரம் அறிய வேண்டின் உள்ள வழிப்படுத்தியை வாசிக்க. எவருடையது என்று அறிய வேண்டின் பிரதிபலிக்கும் 1000 மெகாபிற்றுச் சிற்றாளி ஒன்றும், கழித்த கணினி ஒன்றுங் கொள்க. இணைப்பு 100 மெகாபிற்றுக்கு உட்பட்டிருக்க, கம்பியின் பழுதை ஆராய வேண்டின் செவிகொடுக்கும் பலகையை நாடுக. வழியின் நடுவே நிற்கும் முறையைக் கடைசியாக வைத்துக்கொள்க.

கல்லூரிக்கு உதவ முன்வரும் பழைய மாணவர் பெரிய இணைப்பொன்றை வாங்கிக் கொடுக்குமுன் சிறிய நிறைகோலொன்றை வாங்கிக் கொடுப்பாராக. ஒரு மாதம் அளந்தபின் பெரிய இணைப்பு வேண்டியதேயெனத் தெரியின், அப்பணம் ஐயமின்றிக் கொடுக்கப்படும். வேண்டாவெனத் தெரியின், அது நூல்நிலையத்திற்கோ விளையாட்டிடத்திற்கோ பயன்படும். மேல்வகுப்பு மாணவர் இவ்வளவையைத் தம் கையாலேயே செய்து கணக்கெழுதுவாராயின், அவர் பெறும் கல்வி அக்கருவியின் விலையினும் பன்மடங்கு உயர்ந்ததாம்.